வணக்கமும் வழக்கமும்

மக்கள் ஒருவரையொருவர் காணுங்கால் தம் உள்ளத்தெழும் அன்பையும் மதிப்பையும் மெய்யினாற் புலப்படுத்துதல் எந்நாட்டார்க்கும் இயல்பாம். ஆயின், புலப்படுத்தும் முறை நாடுதோறும் வேறுபடும். நாம் கை கூப்புகின்றோம். ஆங்கிலர் கை குலுக்குவர். ஜப்பானியர் இடை வளைந்து தாழ்வர். நியூஜிலாந்து மாவோரியர் மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் சேர்த்து உயிர்மூச்சைப் பகிர்ந்துகொள்வர். இவ்வேறுபாடு அரசுகளுக்கிடையே பிணக்கு விளைத்ததும் உண்டு. அதற்குச் சீன நாட்டு வரலாறு தக்க சான்றாகும்.

சீனப் பேரரசர் திருமுன் செல்வோர் மும்முறை முழந்தாளிட்டு, ஒவ்வொரு முறையும் மூன்று தரம் நெற்றி நிலந்தோய, ஆக ஒன்பது தரம் பணிதல் வேண்டும் என்பது அந்நாளைய விதி. இதனைக் 'கோதோ' என்பர். பெற்றோரையும் முன்னோரையும் சீனர் இவ்வாறே நெற்றி நிலம்படப் பணிந்தனர். ஆகலின், 'விண்ணின் மைந்தர்' எனப்பட்ட பேரரசர்க்கு அது முறைமையேயென அவர் கருதினர்.

1793-ஆம் ஆண்டில், ஆங்கில அரசர் மூன்றாம் ஜார்ஜின் தூதராய் மக்கார்ட்டினி பிரபு வாணிக உரிமை வேண்டிச் சென்றார். இவ்வாறு பணியின் தம் அரசர் சீனர்க்குத் திறை செலுத்தும் சிற்றரசராய் எண்ணப்படுவார் என அவர் அஞ்சினார். எனவே, தம்மையொத்த நிலையினரான சீன அதிகாரி ஒருவர் ஜார்ஜ் மன்னரின் படத்தின் முன் பணிவாராயின் தாமும் பணிவதாகக் கூறினார். சீனர் இசைந்திலர். முடிவில், தம் அரசர்க்குச் செய்வதுபோல ஒரு முழந்தாளிட்டு வணங்கியதாக அவர் எழுதிவைத்தார். அரசர் கையை முத்தமிடும் ஆங்கில வழக்கத்தையோ சீனர் வேண்டாவென விலக்கினர். ஒருவர்க்கு மரியாதையாவது மற்றவர்க்கு மரியாதைக் குறைவாயிற்று!

அவர் வேண்டிய உரிமைகள் மறுக்கப்பட்டன. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. 1816-இல் சென்ற அம்ஹர்ஸ்ட் பிரபுவோ, இவ்வணக்கம் பற்றிய வழக்குத் தீராமையின், பேரரசரைக் காணாமலே திரும்பினார். இவரே பின்னர் 1823-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாய் வந்தவர். 1873-இல் துங்சிப் பேரரசர் அயல்நாட்டுத் தூதரை இவ்வணக்கமின்றியே காண இசைந்தார். ஆயின், அதற்குள் இரு போர்கள் நிகழ்ந்து முடிந்தன. அவ்விசைவைத் தந்தது நட்பன்று, படைவலியே.

பெரியோர் அடியில் வீழ்ந்து வணங்கும் மரபினராகிய நமக்குச் சீனர் கருத்து எளிதில் விளங்கும். தூதரின் அச்சமும் பொருளற்றதன்று. திறை கொணர்ந்த நாட்டாரும் அங்கு அவ்வாறே பணிந்தனரன்றோ? இரு திறத்தாரும் மற்றவர் செயலைத் தத்தம் வழக்கினாலேயே அளந்தனர். அயலார் ஒருவர் நம் முன் நிற்கும் நிலை செருக்கெனத் தோன்றுமாயின், அவர் நாட்டில் அது யாது குறிக்கும் என வினவுதல் நம் கடன். அவ்வொரு வினா பல பகைகளைத் தவிர்க்கும்.