எழுதுமட்டுவாளுக்கு அப்பால் மாறும் வெட்டுப்புள்ளி

சாவகச்சேரியிலிருந்து கண்டி வீதியில் கிழக்கே போனால் மீசாலை, கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள். அதுவரை யாழ்ப்பாண மாவட்டம். அடுத்து வரும் முகமாலையும் பளையும் குடாநாட்டு மண்ணிலேயே இருந்தாலும் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவை. காணிகளும் தென்னைகளும் இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போக நினைக்கும் பிள்ளைக்கு, அந்த எல்லையின் எந்தப் பக்கத்தில் படித்தது என்பதைப் பொறுத்து வெட்டுப்புள்ளி மாறுகிறது.

க.பொ.த உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் அயலட்டை கேட்கும் முதல் கேள்வி “எத்தினை ஏ?” என்பது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பதோ இசட் புள்ளி. 2001இலிருந்து இலங்கையில் இந்த முறைதான் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் இப்படிக் கணித்துச் சராசரி எடுத்தால் வருவதுதான் இசட் புள்ளி.

கணக்குக்காக ஒரு பாடத்தின் சராசரி 45, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். அதில் 75 எடுத்தவருக்கு 2.0 கிடைக்கும். சராசரி 60ஆகவும் நியம விலகல் 10ஆகவும் உள்ள வேறொரு பாடத்தில் அதே 2.0ஐ எட்ட 80 புள்ளி வேண்டும். கடினமான பாடத்தை எடுத்த பிள்ளைக்கு நட்டம் வராமல் பார்க்கும் ஏற்பாடு இது. மூன்று ஏ எடுத்த இருவரில் ஒருவர் மருத்துவ பீடத்துக்குப் போக, மற்றவர் வெளியே நிற்பதற்கும் காரணம் இதுவே. 75ஐத் தாண்டிய எல்லோருக்கும் ஏ ஒன்றுதான்; 76க்கும் 92க்கும் உள்ள தூரம் இசட் புள்ளியில்தான் தெரியும்.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பப் பகிரப்படுகிறது; அனுமதிக்குத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளியான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவது இதனால்தான். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தபோது, அதிகம் இழந்தது அன்று முன்னணியில் நின்ற இதே யாழ்ப்பாணந்தான். போர் ஒரு சமூகத்தின் கல்வியை எவ்வளவு தூரம் இழுத்து விழுத்தியது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரம் சிதைந்து, அதைச் சூழ்ந்த தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. அந்த ஊர்தான் இன்று பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

மாவட்டம் ஒன்றே என்பதால் சாவகச்சேரி இந்துக் கல்லூரி, டிறிபேர்க் கல்லூரி, மகளிர் கல்லூரி, மீசாலை வீரசிங்கம் மத்திய கல்லூரி மாணவர்கள் யாழ் இந்து, வேம்படி, ஹாட்லி மாணவர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ரியூசனுக்காக யாழ் நகருக்குப் பஸ் ஏறி, பொழுதுபட்டபின் வீடு திரும்பும் பிள்ளைக்கும் நகரத்துக்குள்ளேயே இருக்கும் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றுதான். அந்தப் பயண நேரத்தை எந்தச் சூத்திரமும் கணக்கில் எடுப்பதில்லை.

பெறுபேறு வந்தபின் மாணவரின் கையில் உண்மையில் மிஞ்சுவது ஒன்றே: விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை எழுதும் வரிசை. பலர் பயந்து பயந்து எழுதுகிறார்கள். “உது கிடையாது” என்று ரியூட்டரி வாசலில் யாரோ சொன்னதைக் கேட்டு, விரும்பிய துறையைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். இது வீணான இழப்பு. எழுதிய வரிசையில் மேலிருந்து கீழே பார்த்து, இசட் புள்ளி எட்டுகிற முதல் இடத்தைத்தான் தருவார்கள். எட்டாத ஒன்றை மேலே எழுதியதால் கீழே உள்ளது பறிபோகாது. எட்டக்கூடியதைக் கீழே எழுதினால்தான் அது கைநழுவும். சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளி ஒரு வழிகாட்டி மட்டுமே, அது ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை மாணவரும் பெற்றோரும் சேர்ந்திருந்து வாசிக்க வேண்டும். சில நெறிகளுக்குத் தனியே உளச்சார்புப் பரீட்சை உண்டு; அதற்குரிய அறிவித்தலைத் தவறவிட்டால் நல்ல இசட் புள்ளியும் உதவாது.

பரீட்சைக்கும் பல்கலைக்கழக வாசலுக்கும் இடையே ஒரு வருடத்துக்கு மேலும் ஓடிவிடுவதுண்டு. யாழ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் கற்பிக்கப்படுகின்றன. தமிழில் படித்து நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை முதலாம் வருடத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான். அந்த இடைவெளிக்கு ஆங்கிலத்தைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை.

இனி, கிடைக்காதவர்கள். தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகங்களில் இடம் இருக்கிறது. மூன்று தடவை தோற்ற விதி இடங்கொடுக்கிறது. வெட்டுப்புள்ளிக்கு மிக அருகில் வந்தவர் “செக்கன்ட் ஷை”, அதாவது இரண்டாந் தடவை, எடுப்பதில் நியாயம் உண்டு. வெகுதூரம் பின்னால் நிற்பவரை “டொக்டர்தான்” என்று மூன்றாந் தடவைக்கும் இருத்துவது அவருடைய இளமையின் இரண்டு வருடங்களைப் பறிப்பதாகும். உயிரியல் படித்தவருக்குப் பக்கத்திலேயே கைதடியில் யாழ் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு இருக்கிறது. தாதியர் பயிற்சியும் இருக்கிறது. கோப்பாயில் தேசிய கல்வியியற் கல்லூரி, யாழ்ப்பாணத்தில் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகம், வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறத் திறந்த பல்கலைக்கழகம் எனப் பல வாசல்கள்.

பல்கலைக்கழக விண்ணப்பத்திலேயே அடங்கும் சித்த மருத்துவத்தைத் தவிர, மற்றவை விண்ணப்பங்களைத் தனித்தனியாக, வெவ்வேறு காலங்களில் கோருகின்றன. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் சிலவற்றின் முடிவுத் திகதி கடந்துவிடும். ஆகவே பெறுபேறு கைக்கு வந்த வாரத்திலேயே அறிவித்தல்களைத் தேடத் தொடங்கி, பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு கூடவே இவற்றுக்கும் போட்டுவைப்பது நல்லது.