எல்லை கடந்த குரல்

சங்கரன்கோவிலில் இரயிலேறித் தென்மேற்கே சென்றால் கடையநல்லூரையும் தென்காசியையும் கடந்து செங்கோட்டையை அடையலாம். இன்று இவ்வூர்கள் யாவும் தென்காசி மாவட்டத்தில் உள்ளன. நூறாண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறு. சங்கரன்கோவில் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்திலும் செங்கோட்டை திருவிதாங்கூர் அரசிலும் இருந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆனால், அவ்வெல்லை மறைவதற்கு நெடுங்காலம் முன்னரே அவ்வூரில் பிறந்த ஒருவரின் குரலைத் தமிழ்நாடு தன் குரலாகவே கொண்டாடியது. அவர் எஸ். ஜி. கிட்டப்பா.

நிலத்தின் எல்லையைவிடக் கடினமான எல்லை ஒன்று அன்றைய இசையுலகில் இருந்தது. கச்சேரி மேடையில் பாடுவோர் வித்துவான்கள் எனப் போற்றப்பட்டனர். நாடக மேடையில் பாடுவோர் கூத்தாடிகள் என இகழப்பட்டனர். சென்னையில் 1928ஆம் ஆண்டு தோன்றிய மியூசிக் அகாதெமி இராக இலக்கணங்களை அறிஞர்களைக் கொண்டு ஆராய்ந்தது. அதே காலத்தில் காம்போதியையும் மோகனத்தையும் அவற்றின் பெயர்கூட அறியாமல் கேட்டு மகிழ்ந்த உழவர்களும் வண்டியோட்டிகளும் நாடகக் கொட்டகைகளில் விடிய விடிய அமர்ந்திருந்தனர். இவ்விரு கூட்டத்தாரும் ஒருங்கே ஏற்றுக்கொண்ட பாடகர் மிகச் சிலரே. அவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் கிட்டப்பா.

அவர் 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் பிறந்தார். உடன்பிறந்தோர் சிலர் நாடகத்தில் ஈடுபட்டிருந்தமையால் மிக இளம் வயதிலேயே அவரும் மேடையேறினார். பள்ளியில் எழுத்தறியும் பருவத்தில் அவருக்கு நாடகமே பள்ளியாயிற்று. அப்பள்ளியின் பாடத்திட்டத்தைச் சற்றே நோக்கினால் அவருடைய இசையின் விரிவு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியர் எனப்படும் சங்கரதாசு சுவாமிகள் (1867-1922) இயற்றிய வள்ளி திருமணம், கோவலன் சரித்திரம் முதலிய நாடகங்கள் பாட்டாலேயே நடப்பவை. வெண்பாவும் விருத்தமும் கீர்த்தனையும் சிந்தும் அவற்றில் அடுத்தடுத்து வரும். வடக்கிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் வழியே இந்துஸ்தானி மெட்டுகளும் தமிழ் மேடையில் கலந்திருந்தன. வேலனாக நடிப்பவர் வள்ளியிடம் குறும்பாகப் பேசும்போது துள்ளல் நடையில் பாடவேண்டும். அடுத்த காட்சியில் தெய்வமாகத் தோன்றும்போது கனராகத்தைக் கையாளவேண்டும். ஒரே இரவில், ஒரே தொண்டையால் இவையனைத்தையும் செய்தாக வேண்டும். எனவே, பலவகை இசையிலும் தேர்ச்சி பெறுவது அந்நாள் நடிகருக்கு விருப்பமாக அமைந்த பெருமையன்று. தொழில் விதித்த கட்டாயம். கட்டாயத்தால் பலரும் கற்றதைக் கிட்டப்பா கலையாக்கினார்.

அவருடைய குரல் உச்சச் சுருதியில் எளிதாக உலவியது. ஆர்மோனியக் கட்டைகளின் எண்ணைக் கொண்டு சுருதியின் உயரத்தைச் சொல்வது நம் வழக்கம். கச்சேரியில் ஆடவர் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடுவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையிலோ அச்சுருதி கடைசி வரிசையை எட்டாது. ஆதலால், நாடகப் பாடகர்கள் மிக உயர்ந்த கட்டைகளை நாடினர். உயரச் செல்லுந்தோறும் குரல் கிறீச்சிடுவதும் சொற்கள் சிதைவதும் இயல்பு. கிட்டப்பாவின் இசைத்தட்டுகளைக் கேட்போர் வியப்பது இங்கேதான். உச்சியில் நின்று விரைவான பிருகாக்களை உதிர்க்கும்போதும் அவர் குரலில் இனிமை குன்றுவதில்லை, சொல்லும் மழுங்குவதில்லை. அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில் அவரைப் பின்தொடர்ந்தார்.

கன்னையா நாடகக் குழுவின் தசாவதாரத்தில் அவர் ஏற்ற பரதன் வேடம் பெரும்புகழ் பெற்றது. ஒரு பாட்டு முடிந்ததும் 'ஒன்ஸ்மோர்' என்னும் முழக்கம் எழுவது அக்கால வழக்கம். அழுது புலம்பிய பாத்திரம் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அதே பாட்டை மீண்டும் பாடும். நாடகக் கலையின் நோக்கில் இது பெருங்குறையே. கதை அங்கே அறுந்துவிடுகிறது. ஆயினும், இசை வரலாற்றின் நோக்கில் வேறொன்று நிகழ்ந்தது. ஓர் இராகத்தை ஒரே இரவில் இருமுறை கேட்ட எளிய மக்கள் காலையில் அதனை முணுமுணுத்தபடியே வயலுக்குச் சென்றனர்.

அவர் பாடியவற்றுள் விருத்தத்தைத் தனியே குறிப்பிடுதல் வேண்டும். விருத்தம் பாடுகையில் தாளம் நின்றுவிடும். செய்யுளின் ஒவ்வோர் அடியையும் எவ்வளவு நீட்டுவது, எச்சொல்லில் தங்குவது, இராகத்தின் எப்பகுதியை எங்கே விரிப்பது என்பன பாடுவோரின் அப்போதைய மனத்தைப் பொறுத்தவை. பொருளுணராமல் பாடினால் விருத்தம் வெறும் ஓலமாகிவிடும். செய்யுளின் உணர்ச்சியை முதலில் பிடித்து, இராகத்தை அதற்கு ஏவல் செய்ய வைத்தார் கிட்டப்பா. கச்சேரியின் ஆலாபனையும் நாடகத்தின் புலம்பலும் பிரித்தறிய இயலாதவாறு கலந்த இடம் அது.

விடியும்வரை நீளும் இந்த இசையை இசைத்தட்டு மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட அளவிற்குள் அடைக்குமாறு கேட்டது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கம் அவ்வளவே கொள்ளும். அவ்வளவிற்குள் தியாகராசரின் 'எவரனி' கீர்த்தனையை அவர் பாடினார். தேவாமிர்தவர்ஷிணி என்னும் அருகிய இராகத்தில் அமைந்த அது, நாடகக்காரர் பாடிய தட்டின் வழியே கச்சேரிக்கே செல்லாதவர் இல்லங்களிலும் ஒலித்தது. எது சாத்திரிய இசை, எது மேடைப்பாட்டு என்னும் கேள்வியை ஊசிமுனை கேட்பதில்லை.

இலங்கைக்கு நாடகம் நடத்தச் சென்றபோது 1926ஆம் ஆண்டில் கொடுமுடியைச் சேர்ந்த கே. பி. சுந்தராம்பாளை அவர் சந்தித்தார். கிட்டப்பாவிற்கு ஈடுகொடுத்துப் பாடவல்ல குரல் அவருடையது. இருவரும் இணைந்து நடித்த வள்ளி திருமணம் ஊர்தோறும் கூட்டத்தை ஈர்த்தது; வாழ்விலும் இருவரும் இணைந்தனர். அவ்வாழ்வு நெடிது நீடிக்கவில்லை. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அப்போது அவருக்கு வயது 27.

தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931இலேயே வெளிவந்துவிட்டது. எனினும், கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. பரதனாக அவர் நின்ற நிலையோ வேலனாக அவர் காட்டிய முகமோ நமக்குக் கிட்டவில்லை. வெள்ளாடை உடுத்திய சுந்தராம்பாள், ஆடவரோடு இணையாக நடிப்பதில்லை என உறுதிபூண்டார். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராக அவரே நடித்தார். அப்படத்தில் வேதியராக நடித்தவர் கச்சேரி வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். நாடகப் பாடகியும் கச்சேரி வித்துவானும் ஒரே திரையில் தோன்றுவதற்குக் கிட்டப்பா மறைந்து ஈராண்டுகளே தேவைப்பட்டன. துணைவன் (1969) படத்தில் பாடியமைக்காகச் சுந்தராம்பாள் தேசிய விருதும் பெற்றார்.

கிட்டப்பாவின் பாணியைப் பின்பற்றிப் பாடியவர்களுள் டி. ஆர். மகாலிங்கம் குறிப்பிடத்தக்கவர். 1945இல் வெளிவந்த ஸ்ரீவள்ளி படத்தில் அவர் முருகனாக நடித்துப் பாடியபோது, பழைய கொட்டகைகளில் விழித்திருந்தோர் செங்கோட்டைக்காரரின் சாயலை அக்குரலில் அடையாளம் கண்டிருப்பர். கிட்டப்பாவின் குரலோ தேய்ந்த தட்டுகளின் கரகரப்புக்கு நடுவே, ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடங்களாக, இன்றும் கேட்கிறது.