சிறுகுவியலும் பெருங்குவியலும்

தமிழ்ச் சங்க மலரில் சீட்டாட்டத்தைப் பற்றிக் கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால், நிகழ்தகவுக் கணிதம் தவழ்ந்து விளையாடிய இடம் சூதாட்ட மேசைதான். 1654-ஆம் ஆண்டில் பாஸ்கல், பெர்மா என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள், பாதியில் நின்ற ஆட்டத்தின் பணயத்தை எப்படிப் பங்கிடுவது என்று கடிதங்கள் வழியே ஆராய்ந்தனர். 1657-இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் வெளியிட்ட நூலின் கடைசிக் கணக்கு இது: இருவரில் ஒருவர் கைப்பொருள் முழுவதையும் இழக்கும்வரை ஆடினால், வெற்றி வாய்ப்பு யாருக்கு எவ்வளவு? இக்கணக்கை இன்று கண்ணால் காண வேண்டுமானால் போக்கர்ப் போட்டியின் இறுதிக் கட்டத்தைப் பார்க்கலாம்.

போட்டியில் சேருவோர் அனைவருக்கும் ஒரே அளவு டோக்கன்கள் தரப்படும். எல்லாவற்றையும் இழந்தவர் வெளியேற வேண்டும். இறுதியில் இருவர் மிஞ்சுவர். 2003-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில் 839 பேர், ஆளுக்கு 10,000 டோக்கன்களுடன் அமர்ந்தனர். இறுதியில் அந்த 83,90,000 டோக்கன்களும் இருவர் முன் குவிந்தன. வென்ற கிறிஸ் மணிமேக்கர் 25 லட்சம் டாலர் பெற்றார். தோற்ற சாம் ஃபார்ஹா 13 லட்சம் பெற்றார். ஆகவே 13 லட்சம் இருவருக்கும் முன்பே உறுதி. உண்மைப் போராட்டம் எஞ்சிய 12 லட்சத்துக்குத்தான்.

இருவர் மட்டும் எஞ்சிய நிலையில், ஒருவரிடம் 8 பங்கும் மற்றவரிடம் 2 பங்கும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெருங்குவியல்காரர் தம் செல்வத்தைக் காட்டியே எதிரியை மிரட்டிவிடலாம் என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. எதிரியிடம் இருப்பது 2 பங்கு என்றால், அந்த ஆட்டத்தில் அவரும் 2 பங்குக்கு மேல் இழக்க முடியாது, வெல்லவும் முடியாது. மற்ற 6 பங்கும் உறங்கிக் கிடக்கின்றன. வேறுபாடு ஆட்டம் முடிந்த பின்னரே தெரியும்: தோற்றால் சிறியவர் வீட்டுக்குப் போவார், பெரியவரோ 6 பங்குடன் மீண்டும் அமர்வார்.

இருவர் திறமையும் சமமானால் சிறியவரின் வாய்ப்பு என்ன? சமமான ஆட்டத்தில் ஒருவரது சராசரிக் கைப்பொருள் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. முடிவில் அவரிடம் இருக்கப்போவது 10 பங்கு, அல்லது ஒன்றுமில்லை. சராசரி 2 ஆக வேண்டுமானால் அவர் பத்தில் இரண்டு முறை வெல்ல வேண்டும். ஆகவே அவரது வாய்ப்பு நூற்றுக்கு 20. மேற்சொன்ன பரிசுக் கணக்கில் அவரது இடத்தின் மதிப்பு 13 லட்சமும், 12 லட்சத்தில் ஐந்திலொரு பங்கும் சேர்ந்து 15.4 லட்சம் டாலர். மெதுவாக ஆடினாலும் துணிந்து ஆடினாலும் இதில் மாற்றமில்லை.

திறமை சமமாக இல்லாதபோதுதான் யுக்திக்கு வேலை வருகிறது. சிறியவரே திறமைசாலி; ஒவ்வொரு பணயத்திலும் நூற்றுக்கு 55 முறை வெல்வார் என்று கொள்வோம். ஒவ்வொரு பங்காக வைத்து ஆடினால் அவரது இறுதி வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 38 ஆக உயரும். இருப்பதையெல்லாம், அல்லது ஆட்டத்தை முடிக்கத் தேவையானதை, ஒரே மூச்சில் வைத்து ஆடினால் 26 தான். அவர் திறமை குறைந்தவராகி நூற்றுக்கு 45 முறையே வெல்வாரானால் கணக்குத் தலைகீழாகும்: மெதுவாக ஆடினால் 8, துணிந்து வைத்தால் 15.

பாடம் தெளிவு. வல்லவன் பணயத்தைச் சிறிதாக்கி ஆட்டத்தை நீட்ட வேண்டும். வலுவற்றவன் பெரிதாக்கிச் சுருக்க வேண்டும். பெருங்குவியல் உடையவனுக்கும் இதே விதிதான். ஆனால் போட்டியில் நீட்டுவதற்கும் எல்லை உண்டு. சீட்டைப் பார்க்குமுன்பே கட்டாயமாக வைக்கவேண்டிய 'பிளைண்ட்' தொகை, நேரம் ஆக ஆக உயர்ந்துகொண்டே போகும். பெரிய பிளைண்டைப்போல் பத்து மடங்கோ அதற்கும் குறைவாகவோ கையிருப்பு சுருங்கிவிட்டால், வல்லவனும் பொறுமை காட்ட முடியாது. மொத்தத்தையும் வைப்பது அல்லது சீட்டைக் கீழே போடுவது என்ற இரண்டே வழிகள்தாம் பெரும்பாலும் மிஞ்சும்.

நண்பர்களே, இக்கணக்கு நம் விடுதி அறைகளுக்கும் பொருந்தும். போட்டியில் எதிரியின் குவியல் கண்முன் இருக்கிறது; அதற்கு ஓர் அளவும் உண்டு. பணம் கட்டி ஆடும் சூதில் அப்படியில்லை. ஒருவர் எழுந்தால் இன்னொருவர் வந்து அமரும் மேசையில், எதிர்க் குவியலுக்கு முடிவே கிடையாது. நம்மிடம் 2 பங்கும் எதிரே 2,000 பங்கும் இருந்தால், நேர்மையான ஆட்டத்திலேயே நம் வாய்ப்பு 1,001-இல் ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் மேசைக்காரர் கமிஷன் எடுத்தால் அதுவும் தேயும். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை, திறமை ஆட்டமாயினும் அதிர்ஷ்ட ஆட்டமாயினும், தடை செய்ய 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆனால் சட்டம் வருமுன்பே கணக்கு தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது.

எங்கே பணயம் வைக்க நேர்ந்தாலும் முதலில் எதிரியின் குவியலை எண்ணிப் பாருங்கள். எண்ணி முடியாவிட்டால், அந்த மேசையில் உட்கார வேண்டாம்.