நெகட்டிவை ஸ்கேன் செய்ய எந்த லேப்டாப்?

ஈக்காட்டுத்தாங்கல் வீட்டுப் பரணில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு-வெள்ளை நெகட்டிவ் கிடக்கிறதா? பூஞ்சை பிடிக்குமுன் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

லேப்டாப்பில் முதலில் ரேமைப் பாருங்கள். ஏன்? 24×36 மி.மீ. படத்தை அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம் படித்தால் சுமார் 2.1 கோடிப் புள்ளிகள். வண்ணப் படமென்றால் புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்துக்கு 16 பிட். ஏறத்தாழ 128 எம்.பி. திருத்தத் திருத்த அது பல மடங்காகும். 16 ஜி.பி.க்குக் குறையவே கூடாது, எஸ்.எஸ்.டி.யும் கட்டாயம்.

சில ஸ்கேனர்கள் அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும். வண்ண ஃபிலிமின் சாயம் அக்கதிருக்கு வழிவிடும்; கறுப்பு-வெள்ளையின் வெள்ளித் துகள் மறிக்கும். படமே தூசியாகத் தெரியும்! ஆகவே ஒவ்வொரு புள்ளியாகக் கையால்தான் நீக்கவேண்டும். அதற்கு, சாய்த்துப் பார்த்தாலும் சாயல் மாறாத ஐ.பி.எஸ். திரை வேண்டும். கேமிங் கார்டுக்குப் போகும் பணத்தை நான் திரைக்கே கொடுப்பேன்.