எந்தத் துப்பாக்கி?

ஆங்கிலத்தில் இடுப்பில் செருகுவதும் ‘கன்’, தோளில் மாட்டுவதும் ‘கன்’, போர்க்கப்பலின் மேல்தளத்தில் நிற்பதும் ‘கன்’தான். தமிழில் துப்பாக்கிக்கும் கிட்டத்தட்ட இதே தாராளம் உண்டு. பீரங்கியை மட்டும் தனியே பிரித்துவிட்டோம். ஜெர்மன் அப்படி விடாது. கைத்துப்பாக்கி ‘பிஸ்டோலெ’, நீளத் துப்பாக்கி ‘கெவேர்’, பீரங்கி ‘கனோனெ’ அல்லது ‘கெஷுட்ஸ்’. வேட்டைக்காரர்கள் இன்னும் நுணுக்கமானவர்கள்: குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்து சிதறுகுண்டு சுட்டால் ‘ஃப்ளின்டெ’, உள்ளே திருகுவரி வெட்டி ஒற்றைத் தோட்டா சுட்டால் ‘ப்யூக்ஸெ’. மொழிபெயர்க்கும்போது எந்த வகை என்று மூலத்தில் இல்லையென்றால் பொதுச்சொல்லான ‘ஷுஸ்வாஃபெ’ கைகொடுக்கும். ஆனால் அதில் போலீஸ் அறிக்கை வாடை அடிக்கும். கதையில் வரும் ரவுடி ‘க்னாரெ’ என்பான்.

மரபுத்தொடர்களில்தான் உண்மையான வம்பு. கொண்ட நிலையிலிருந்து அசையாதவனை, தன் ‘கன்’களை விட்டு நகராதவன் என்கிறது ஆங்கிலம்; பீரங்கியை விட்டு ஓடாத வீரனின் நினைவு அது. ஜெர்மனில் இதற்கு ஆயுதமே வேண்டாம், ‘விட்டுக்கொடுக்கவில்லை’ என்ற பொருளில் சொன்னால் போதும். அங்கே ஆயுதம் வருவது எதிர்ப்பொருளில். மனம் தளர்ந்து பாதியில் கைவிடுபவன் ‘ஃப்ளின்டெ’யைப் பயிருக்குள் எறிகிறான். களத்தைவிட்டு ஓடும் சிப்பாய் கதிர்களுக்கு நடுவே ஆயுதத்தை வீசுகிற காட்சி.

அவசரப்பட்டுத் தொடங்குவதற்கான ஆங்கிலத் தொடர் ஓட்டப்பந்தயத் துப்பாக்கியிலிருந்து வந்தது. ஜெர்மனில் துப்பாக்கி கழன்றுவிடும். ‘ஃபேல்ஷ்டார்ட்’, அதாவது தவறான தொடக்கம், அவ்வளவே.

மறுக்க முடியாத சான்றை ஆங்கிலம் ‘புகையும் கன்’ என்கிறது. 1974 ஆகஸ்டில் வாட்டர்கேட் ஒலிநாடா ஒன்று வெளியாகி, சில நாட்களில் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகியபோது இந்தத் தொடர் உலகறிந்தது. ஜெர்மானியர் இதை ‘புகையும் கோல்ட்’ ஆக்கிக்கொண்டார்கள். கோல்ட் என்பது அமெரிக்கத் துப்பாக்கியின் பெயர். ‘கன்ஸ்மோக்’ என்ற கௌபாய் தொலைக்காட்சித் தொடருக்கும் ஜெர்மனில் ‘புகையும் கோல்ட்டுகள்’ என்றே தலைப்பு. இறக்குமதிச் சரக்குக்கு இறக்குமதித் துப்பாக்கி, பொருத்தம்தான்.

ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்துத் திரும்பி வரும்போதும் கவனம் தேவை. படுமோசமான ஒன்றை ‘எல்லாக் கனோனெக்கும் கீழே’ என்பார்கள். இதில் பீரங்கி இல்லை; அளவுகோல் என்று பொருள்படும் லத்தீன் ‘கானோன்’ அப்படித் திரிந்திருக்கிறது. ‘டூடன்’ அகராதி வரிசையின் 11-ஆம் தொகுதி முழுக்க மரபுத்தொடர்களுக்கே. ஆயுதம் கண்ணில் பட்டதும் அந்தத் தொகுதியை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.