38 சதவீத மரணம்… ஹன்டா வைரஸுக்கு நாம எவ்வளவு பயப்படணும்?

2025 பிப்ரவரியில் ஹாலிவுட் நடிகர் ஜீன் ஹேக்மேனும் மனைவி பெட்ஸி அரகாவாவும் அமெரிக்காவின் சான்டா ஃபே நகரில் தங்கள் வீட்டில் இறந்துகிடந்தனர். பெட்ஸியின் உயிரைப் பறித்தது எலிகள் மூலம் பரவும் ஹன்டா வைரஸ் என்று மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. கூடவே ஓர் எண்ணும் பரவியது: 38 சதவீதம். ஹன்டாவால் நுரையீரல் பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய இத்தனை பேர் இறக்கிறார்கள். கொரோனாவைப் பார்த்த தலைமுறைக்கு இதைப் படித்தால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

எண் உண்மைதான். ஆனால் அது 'வந்தால் பிழைப்போமா?' என்ற கேள்விக்கான பதில். 'நமக்கு வருமா?' என்பது வேறு கேள்வி. வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகின்றன.

இரண்டாவது கேள்விக்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1993 முதல் 2022 முடிய பதிவான ஹன்டா பாதிப்புகள் மொத்தம் 864. ஆண்டுக்கு 30 பேர்கூட இல்லை. 33 கோடி பேர் வாழும் நாட்டில், ஒரு வருடத்தில் கோடியில் ஒருவருக்குக்கூட வராத நோய் இது.

எப்படித் தொற்றுகிறது?

'டீர் மவுஸ்' எனப்படும் காட்டுச் சுண்டெலிதான் அங்கே முக்கியக் குற்றவாளி. அதற்கு நோய் எதுவும் வராது. வைரஸைச் சுமந்தபடி ஜாலியாகத் திரியும். அதன் சிறுநீர், புழுக்கை, உமிழ்நீர் காய்ந்து தூசியாகி, அந்தத் தூசியை மூச்சில் இழுத்தால்தான் பெரும்பாலும் ஆபத்து. வெயிலில் வைரஸ் சீக்கிரம் செயலிழந்துவிடும். அதனால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஷெட், குடோன், மலை கேபின் போன்ற இடங்கள்தான் சிக்கல். பெட்ஸியின் வீட்டைச் சோதித்தபோதும் வீட்டுக்குள் பிரச்சினை இல்லை. வளாகத்தில் இருந்த வெளிக்கட்டடங்களில்தான் எலித் தடயங்கள் கிடைத்தன.

2012இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 10 பேருக்குத் தொற்றியது, 3 பேர் இறந்தனர். ஆண்டுக்கு 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோகும் இடம் அது. பாதிக்கப்பட்டவர்களில் 9 பேர் ஒரே முகாமின் கூடாரங்களில் தங்கியவர்கள். குளிர் தாங்க இரட்டைச் சுவர் வைத்த அந்தக் கூடாரங்களின் இடுக்கில் எலிகள் கூடு கட்டியிருந்தன. ஆக, பூங்காவுக்குப் போனது ஆபத்தில்லை; எங்கே படுத்தார்கள் என்பதுதான் ஆபத்து.

மனிதரிடமிருந்து மனிதருக்கு?

பெரும்பாலான ஹன்டா வகைகள் அப்படிப் பரவுவதில்லை. விதிவிலக்கு, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் வகை. 2018-19இல் அர்ஜென்டினாவின் எபுயென் என்ற சிற்றூரில் 34 பேருக்குப் பரவி 11 பேரைப் பலிகொண்டது. தனிமைப்படுத்தலால் அது அடங்கியது. 2020 மார்ச்சில் சீனாவில் பேருந்தில் இறந்த ஒருவருக்கு ஹன்டா உறுதியானதும் 'அடுத்த வைரஸ் வந்தாச்சு' என்று ட்விட்டர் அலறியதே, நினைவிருக்கிறதா? அங்கே அது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்கு வரும் பழைய நோய்.

பயமும் பாதிப்புதான். 1993இல் அமெரிக்காவில் முதன்முதலில் இது கண்டறியப்பட்டபோது, நவஹோ பழங்குடியினர் பகுதியில் நிகழ்ந்ததால் 'நவஹோ ஃப்ளூ' என்று பெயர் வைத்தார்கள். எலிகள் பெருகியதற்குப் பழி மனிதர்கள் மேல் விழுந்தது. இடப்பெயர்களுக்கும் எதிர்ப்பு வர, கடைசியில் 'சின் நோம்ப்ரே' என்றே பெயரிட்டார்கள். ஸ்பானிஷில் 'பெயரில்லாதது' என்று அர்த்தம்.

நம்ம ஊர்ல?

ஹன்டா என்ற பெயர் கொரியாவின் ஹன்டான் ஆற்றிலிருந்து வந்தது. ஆனால் அந்தப் பெயர் பிறக்கும் முன்பே, 1964இல், வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடித்த ஒரு மூஞ்சூறிலிருந்து இந்தக் குடும்பத்து வைரஸ் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. இன்றும் உலக ஆய்வுகளில் அதன் பெயர் 'தோட்டப்பாளையம் வைரஸ்'தான். அதனால் இங்கே நோய் பரவியதாகப் பதிவில்லை. தமிழகத்தில் சிலரது ரத்தத்தில் ஹன்டா எதிர்ப்பணுக்கள் கண்டறியப்பட்டிருப்பதால், 'இங்கே வரவே வராது' என்றும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். பரணிலோ குடோனிலோ எலிப் புழுக்கை கிடந்தால், துடைப்பத்தால் வறட்டு வறட்டென்று பெருக்காதீர்கள். கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து காற்றோட்டம் விடுங்கள். ஒரு பங்கு பிளீச் திரவத்தில் 9 பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, 5 நிமிடம் ஊறவிட்டு, கையுறையுடன் ஈரத்தோடு துடைத்தெடுங்கள்.

எலியைப் பார்த்து நாம் கவலைப்பட நிஜமான காரணம் வேறு: லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல். வைரஸ் அல்ல, பாக்டீரியா. உலகில் ஆண்டுக்கு சுமார் 10 லட்சம் பேருக்கு வந்து, 58,900 பேரைக் கொல்வதாக மதிப்பிடப்படும் இந்த நோய்க்குத் தலைப்புச் செய்தி கிடைப்பது அபூர்வம். எலியின் சிறுநீர் கலந்த மழைத் தண்ணீரில், காலில் சிராய்ப்போடு நடந்தாலே தொற்றலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கே கேட்கும். மழைவெள்ளத்தில் நடந்த ஓரிரு வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் பாராசிட்டமால் போட்டுவிட்டு ஆபீஸ் கிளம்பாதீர்கள். டாக்டரிடம் போய், அவர் கேட்காவிட்டாலும், "தேங்கின தண்ணியில நடந்தேன்" என்று சொல்லிவிடுங்கள்.