மூழ்காத பழசு

பலகை 12 அடி நீளம். நீர்க்கரை வரை சுமப்பதிலேயே பாதி மூச்சு போய்விடும். தண்ணீரில் கிடக்கும் பாயைக் கயிறு பிடித்துத் தூக்கி நிறுத்துவதில் மீதியும் போகும். நிறுத்திய சூட்டோடு ஆள், பாய் சகிதம் மறுபக்கம் விழ வேண்டியதுதான். 1970களில் வின்ட்சர்ஃபிங் பழகியவர்களின் பசுமையான நினைவுகள் பெரும்பாலும் ஈரமானவை.

கலிஃபோர்னியாவில் ஹாய்ல் ஷ்வைட்சரும் விமானப் பொறியாளர் ஜிம் டிரேக்கும் 1960களின் கடைசியில் உருவாக்கிய ‘வின்ட்சர்ஃபர்’ அது. பாயைப் பிடிக்கத் தேக்குமரக் கைப்பிடி. அதைப் பாய்மரத்தோடு பிணைப்பது வெறும் கயிறு. முடிச்சு தளர்ந்தால் போச்சு. பலகைக்கு அடியில் செருகும் மரத் துடுப்பு இன்னொரு வேடிக்கை. காற்று வலுத்தால் அதை உருவி, வாரால் கையில் மாட்டிக்கொண்டே ஓட்டுவார்கள், சந்தைக்குப் பையோடு கிளம்பியவர் மாதிரி.

பிறகு வேக மோகம் வந்தது. 1980களில் பலகைகள் குட்டையாகின. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடியவை 220 செ.மீ.தான், அவை நீருக்கு மேலே எழும்பிப் பறந்தன. ஆனால் அந்த 80களின் குட்டைப் பலகைக்குப் பலத்த காற்று வேண்டும். இளங்காற்றில் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்க வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். பலர் கரையேறியே விட்டார்கள்.

அவர்களுக்காகப் பழசு திரும்பியிருக்கிறது. அதே 12 அடி நீளம், குறைந்த எடையில் ‘வின்ட்சர்ஃபர் எல்டி’. தேக்குக் கைப்பிடி போய்விட்டது. பாயைத் தூக்கும் கயிறு இருக்கிறது. தூக்கியவர் மறுபக்கம் விழுவதும்.